கடை டிவியில் ஓடிய முன்னறை

வீட்டு முன்னறையிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள் அவள். சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் டெய்லரக்கா. கணவர் இறந்தபின் தனியாகத்தான் இருக்கிறாள். பின்கதவை யாரோ நெம்பிப் பார்த்த அடையாளம் தெரிந்ததும், வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி பதறிப்போய், கேமரா விற்கும் உள்ளூர்க் கடைக்காரன் ஒருவனை அனுப்பி முன்னறையில் கேமரா மாட்ட வைத்தான்.

“எனக்கு எதுக்குடா இது?” என்றாள் அக்கா.

“நீ சும்மா இரு அக்கா. நான் இங்கேருந்தே ஃபோன்ல பாத்துக்கறேன்.”

கேமரா வாசலைப் பார்த்தபடி இருக்க வேண்டும், திரைக்குப் பின்னால் உடுப்பு மாற்றும் இடம் தெரியவே கூடாது என்று கடைக்காரனிடம் கறாராகச் சொல்லித்தான் மாட்டவிட்டாள். ஆனால் கை, கழுத்து அளவெல்லாம் வாசலை ஒட்டியிருந்த மெஷின் பக்கத்தில் நின்றேதான் எடுப்பாள். அதைத் தம்பி தவிர யார் பார்க்கப்போகிறார்கள்?

ஒருநாள் காலை, அவளிடம் வழக்கமாகத் தைக்கும் நர்ஸ் ஒருத்தி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

“அக்கா, எங்க வீட்டுக்குக் கேமரா கேக்கலாம்னு கடைக்குப் போனேன். அங்க டிவில உங்க ரூம் ஓடுது. நீங்க யாருக்கோ அளவெடுத்துட்டு இருக்கீங்க!”

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கழுத்தில் கிடந்த டேப்பைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டாள். நர்ஸும் கூடவே போனாள்.

கடைச் சுவரில் பெரிய டிவி. கட்டம் கட்டமாக வீடுகள். ஒன்றில் ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடி தூங்குகிறார். இன்னொன்றில் ஒரு பெண் தலை துவட்டுகிறாள். நடுக்கட்டத்தில் அக்காவின் மெஷின். அவசரத்தில் நிறுத்தாமல் வந்த ஃபேன் ஆளில்லாத அறையில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“யாரைக் கேட்டு இத ஓட விட்டே?”

“டெமோதான்க்கா. வர்றவங்களுக்குப் படம் எவ்வளவு தெளிவா இருக்குன்னு காட்டணும்ல?”

“என் வீடு எப்படி உன் டிவிக்கு வந்துச்சு?”

“மாட்டும்போது என் ஃபோன்லதான் கேமராவுக்குக் கணக்கு ஆரம்பிச்சேன். உங்க தம்பிக்கு அதுலேருந்து பாக்கக் குடுத்திருக்கேன். ஏதாவது கோளாறுன்னா இங்கேருந்தே சரிபண்ண வசதி.”

“பாஸ்வேர்டு?” என்றாள் நர்ஸ்.

“எல்லா வீட்டுக்கும் ஒண்ணுதாங்க. மறக்காம இருக்க, கடை ஃபோன் நம்பரையே வெச்சுட்டேன்.”

“அது வெளிய போர்டுலயே எழுதியிருக்கேடா பாவி!” அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடை ஆட்களெல்லாம் கூடிவிட்டார்கள். அவன் டிவியை அணைக்கப் பாய்ந்தான். அதற்குள் நர்ஸ் எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்துவிட்டாள்.

அக்கா வீட்டுக்கு வந்து தம்பியை ஃபோனில் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

“படம் உன் ரூம்லேருந்து நேரா எனக்கு வர்றதில்லக்கா. இன்டர்நெட் வழியா கேமரா கம்பெனியோட கம்ப்யூட்டருக்குப் போய்த்தான் எனக்கு வருது. கணக்கு யார் பேர்ல இருக்கோ அவன் கையிலதான் சாவி. என் ஃபோன்ல ‘விருந்தினர்’னுதான் காட்டுச்சு. நான் கண்டுக்கல.”

“என் வீட்டுக்கு அவன் சொந்தக்காரன், நீ விருந்தாளியா? நல்லா இருக்குடா!”

தம்பி சொல்லச் சொல்ல, கேமராவின் அடியிலிருந்த சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தினாள்; பழைய இணைப்பு அறுந்தது. பழைய கணக்கை அழிக்கும்படி தம்பியே கம்பெனிக்குப் பேசி முடித்தான். பிறகு அக்கா தன் ஃபோனிலேயே புதுக்கணக்கு தொடங்கினாள்; தனக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு. வேறு யார் நுழையப் பார்த்தாலும், அவள் ஃபோனுக்கு மட்டும் வரும் ரகசிய எண்ணையும் கேட்கும். கேமராவை அறையிலிருந்து கழற்றி வெளிவாசலில் மாட்டினாள்.

புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில், “எதுவும் திருட்டுப் போகலையேம்மா?” என்றார் அதிகாரி.

“என் வீட்டுக்கு நம்பி வந்த பொம்பளைங்கள ஊரே வேடிக்கை பாத்திருக்கு. இன்னும் என்ன போகணும்?”

அவர் நர்ஸ் எடுத்த படத்தை வாங்கிப் பார்த்தார். அன்றே கடைக்காரனை வரச் சொன்னார். வழக்குப் பதிவானது.

“யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா, தொழில் படுத்துடும்” என்றாள் நர்ஸ். அக்கா கேட்கவில்லை. அந்த அறையில் அளவு கொடுத்த ஒவ்வொருத்தியிடமும் தானே போய்ச் சொன்னாள். சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் திரும்ப வரவே இல்லை.

அக்கா மறுபடி காவல் நிலையம் போனாள். “என் வாடிக்கை போனதுக்கும் அவன்தான் பதில் சொல்லணும். புகார்ல சேத்து எழுதுங்க” என்று சொல்லி, எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.