பூ வைத்துக்கொண்டே கார் ஓட்டியவள்

எதிர்வீட்டு இரும்புக் கேட்டுக்கு நேற்று பெயிண்ட் அடித்தார்கள். தின்னர் வாசனை எங்கள் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. "டீச்சர், தலை வலிக்கும், சன்னலைச் சாத்திக்கிடுங்க" என்று பெயிண்டர் கரிசனமாகச் சொன்னார். நான் சாத்தவில்லை. காபியை எடுத்துக்கொண்டு சன்னலோரமாகவே வந்து உட்கார்ந்துவிட்டேன். மல்லிகையையும் சந்தனத்தையும் மோந்தால் சிலருக்குக் கல்யாணமான புதுசு ஞாபகம் வரும். எனக்குத் தின்னர்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் மேல் அந்த வாசனைதான் அடிக்கும். ராஜபாளையம் ரோட்டில் கருகிப்போன கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கடையை அடைத்துவிட்டு வந்தால் வீட்டுக்குள் நுழையமாட்டார், பின்கட்டில் தகரம் இறக்கிய சாய்ப்புக்குப் போய்விடுவார். அங்கே தார்ப்பாய்க்குக் கீழே, நாலு பக்கமும் செங்கல் அடுக்கி நிறுத்திய ஒரு கார் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. அவருக்கு சர்க்கரை இருந்திருந்தால்கூடச் சொல்லியிருப்பார்கள்.

சும்மா கார் இல்லை. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, சரிந்த முதுகு, பக்கத்தில் போய் நின்றால் என் நெஞ்சளவுகூட உயரமில்லை. முன்விளக்குகள் கண்ணில் படாது. சுவிட்சைப் போட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே எழும்பும், அணைத்தால் உள்ளே படுத்துக்கொள்ளும். ஜப்பானில் பிறந்து, வளைகுடாவில் வளர்ந்து, கடையநல்லூர் வழியாகச் சங்கரன்கோவிலுக்கு வாழ வந்த வண்டி. நானும் வாழ வந்தவள்தான், ஆனால் வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்துவிடலாம்.

அதைக் கப்பலில் கொண்டுவந்தவர் மீரான் அண்ணன், கடையநல்லூர்க்காரர், என் வீட்டுக்காரரோடு ஐ.டி.ஐ.யில் படித்தவர். இனி ஊரோடு இருந்துவிடலாம் என்று வந்தவருக்கு ஊரில் பிழைப்பு அமையவில்லை. திரும்பப் போகும்போது, "மாப்ள, எங்க வீட்டு வாசல்ல நின்னா இதுக்குள்ள கோழிதான் முட்ட போடும். நீ மோட்டார்க்காரன், எடுத்துக்கோ. ஓட வச்சிரு, லீவுல வந்து பாக்கேன்" என்று கொடுத்துவிட்டுப் போனாராம்.

எனக்கு ஒரு குணம், மூடியிருக்கிற எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், அதை வைத்துச் சமாளித்துக்கொள்வேன். "டார்ச் பிடிக்க ஆள் வேணும்" என்று அவர் ஒருநாள் பொதுவாகக் குரல் கொடுத்தார். முற்றத்தில் கொழுந்தன்கள் இருந்தார்கள், அத்தை இருந்தார், ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த சித்தப்பா குடும்பம் இருந்தது. நான் எழுந்து போனேன். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு படி மணல் வந்தது. நம் ஊர்ச் செம்மண் மாதிரி இல்லை, வறுக்காத ரவை மாதிரி வெளுப்பாக, ஒரே அளவாக இருந்தது. ஒரு பாட்டிலில் அடைத்து வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கூடவே ஒரு பேரீச்சங்கொட்டையும் கிடைத்தது. அதை ஊன்றிப் பார்த்தேன், முளைக்கவில்லை.

அந்தக் காருக்கு உதிரி பாகம் கேட்டால் மதுரைக் கடைக்காரர்கள் எங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிரேக்குக்கு ஏதோ ஒரு ஜீப்பின் வாஷர் பொருந்தியது. கதவு ரப்பர் பொடிந்து போயிருந்த இடத்தில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையிலிருந்து பட்டை வாங்கி ஒட்டினார். டேங்குக்குள் துருவைக் கரைக்க ஒரு கைப்பிடி ஜல்லியைப் போட்டு, இருவருமாகப் பிடித்து, முறத்தில் புடைக்கிற மாதிரி உலுக்கினோம். உப்புக் காற்று அரித்த தகரத்தைத் தண்ணீர் விட்டு எமரித்தாளால் தேய்த்துத் தேய்த்து என் விரல்ரேகையே மழுங்கிப் போயிற்று. அதன் மேல் அவர் தின்னர் கலந்து சிவப்புப் பெயிண்ட் அடித்தார். அந்த வேலையில்தான் நாங்கள் பேசிப் பழகினோம். அவ்வளவு பேர் இருக்கிற வீட்டில் புருஷன் பெண்டாட்டி தனியாக உட்கார்ந்து பேசினால் அத்தை தொண்டையைச் செருமுவார். கார்புரேட்டரைப் பற்றிப் பேசினால் யாரும் செரும முடியாது.

விளக்கைத் தூக்குகிற சின்ன மோட்டார்கள் கருகிப் போயிருந்தன. அவரே காயில் கட்டினார். கிணற்று மோட்டார் கட்டிப் பழகின கை, ஒன்றில் கனமாகச் சுற்றிவிட்டது. சுவிட்சைப் போட்டதும் வலது விளக்கு படாரென்று எழுந்து நிற்கும். இடது விளக்கு சோம்பல் முறித்துக்கொண்டு, யோசித்து, அப்புறம்தான் எழும். தெருப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே வருவார்கள். "ஏலே, கண்ணு முழிக்குது பாருலே!" பிரித்துச் சரி செய்யலாம் என்றார். வேண்டாம், அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்றேன்.

ஒரு வழியாக வண்டி ஓடியது. அதற்குப் பிறகுதான் உண்மையான சங்கடம் தெரிந்தது. அந்தக் காருக்கு ஸ்டீரிங் இடப்பக்கம். நம் ரோட்டில் முன்னால் லாரி போனால், இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு லாரியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. எதிரே வருவது வலப்பக்கம் இருப்பவருக்குத்தான் தெரியும். வலப்பக்கம் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசுதேவநல்லூர் ரோட்டில், மலையைப் பார்த்துக்கொண்டே, "பொறுங்க" என்பேன், "போலாம்" என்பேன். அவர் மறுபேச்சில்லாமல் மிதிப்பார். என் ஒரு சொல்லை நம்பி ஒரு மனுஷன் உயிரைக் கொடுக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மற்ற வார்த்தைகளை எல்லாம் அவ்வளவு கேட்டார் என்று சொல்லமாட்டேன்.

இடப்பக்க ஸ்டீரிங் என்று எச்சரிக்கை எழுத வேண்டும் என்பது சட்டம். எழுதியிருந்தோம், வண்டியின் பின்னால். முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? தாழ்ந்த கார், கறுப்புக் கண்ணாடி, இடப்பக்கம் ஒல்லியாக ஒருத்தர் சாய்ந்து கிடக்கிறார். ஊர்க் கண் பழக்கப்படி வலப்பக்கம்தான் பார்க்கும். அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். சங்கரன்கோவிலில் ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்ணே அபூர்வமாக இருந்த காலம். டீச்சர் சிவப்புக் கார் ஓட்டுகிறார் என்று பேச்சாகிவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பூரிப்போடு பார்த்தார்கள். அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒருநாள் பூ மார்க்கெட்டில் இரண்டு முழம் பிச்சி வாங்கிக்கொண்டு காரில் ஏறினேன். ரத வீதி மூலை திரும்பும்போது இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூலையில்தான் பாத்திரக்கடை அண்ணாச்சியின் கடை. அவர் நேராக மாமாவிடம் வந்துவிட்டார். மாமா தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நடந்தால்கூட வேட்டி மடிப்புக் கலையாது.

"உம்ம மருமவளுக்குக் கார் ஓட்டத் தெரியும்னு சொல்லவே இல்லையே, வே?"

"அவளுக்கு சைக்கிளே தெரியாது."

"நல்லாச் சொன்னீரு. இப்பத்தான் பாத்துட்டு வாரேன். ரெண்டு கையாலயும் பூ வச்சிக்கிட்டு இருக்கா, வண்டி அதுபாட்டுக்கு மூல திரும்புது! பச்சப் புள்ளைய நடமாடுத தெரு, சொல்லி வையும்."

அன்று சாயங்காலம் முற்றத்தில் விசாரணை. என் வீட்டுக்காரர் ஸ்டீரிங் எந்தப் பக்கம் என்று விளக்க ஆரம்பித்தார். மாமா கையமர்த்தினார்.

"எனக்குத் தெரியுதுலே. ஊருக்குத் தெரியுமா? ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போயி ஸ்டீரிங்கக் காட்டிட்டு வரவா? கோயில்ல ஆடித்தபசுக்குக் கொடி ஏறதுக்குள்ள அந்த வண்டி இங்கன நிக்கப்படாது."

மாமா சொன்னால் சொன்னதுதான். மறுநாள் சாய்ப்பில் ஓடாமல் நின்ற காரில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் ஸ்டீரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார். "மீரானுக்கு என்ன சொல்லுதது?" என்றார். எனக்கு மீரான் அண்ணன் கவலை இல்லை. அந்த வீட்டில் எங்களுக்கென்று இருந்த ஒரே அறை அந்தக் கார்தான், அதுவும் போகப் போகிறது. அழுகை வருவதற்கு முன்னால் ஒரு யோசனை வந்துவிட்டது. "மாமாவ ஒரு தரம் உக்கார வச்சுப் பாப்பமே" என்றேன்.

அந்த வாரம் மேலநீலிதநல்லூரில் ஒரு கல்யாணம். மாமா கிளம்பி நிற்கிறார், பஸ் போய்விட்டது, முகூர்த்தம் நெருங்குகிறது. காரை எடுத்து வாசலில் நிறுத்தினோம். முறைத்தார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். பின்சீட்டு பெயருக்குத்தான் பின்சீட்டு, அவர் முழங்கால் அதில் மடங்காது. ஆக, அவர் முன்னால் வலப்பக்கம், நான் பின்னால்.

ரத வீதி வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். மூலையில் பாத்திரக்கடை அண்ணாச்சி கடையை விட்டே எழுந்து நின்றுவிட்டார். "அண்ணாச்சி!" என்று அவர் மாமாவைப் பார்த்துக் கூவியது எனக்கும் கேட்டது. மாமா கட்டிய கையை மெதுவாகப் பிரித்தார். ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் விடமுடியாத மனுஷன் மாதிரி, ஒரு கையை மட்டும் கொஞ்சமாகத் தூக்கிக் காட்டினார். அடுத்த திருப்பத்தில் அவர் தோள் கூடவே சாய்ந்தது. மடியில் இருந்த கைகளும் லேசாகத் திரும்பின. பின்சீட்டில் நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டேன்.

கல்யாண வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "அண்ணாச்சி, எப்ப படிச்சிய?" என்று ஒருவர் கேட்டார்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எல்லாம் ஒரு பழக்கந்தான்" என்றார்.

கொடி ஏறியது. கார் எங்கும் போகவில்லை. ஆனால் வலப்பக்கத்து இருக்கை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு முன்னால் மாமா சட்டை மாட்டி நிற்பார். நான் பின்னால், முழங்கால் மோவாயில் இடிக்க, அவர் விபூதி வாசனையை மோந்துகொண்டு. எனக்குக் கோபமாகத்தான் வந்தது, சொன்ன யோசனை என்னுடையதாச்சே, யாரிடம் சொல்ல? மாமா சொல்லும் "போலே"யும் நம்பும்படி இருக்காது. வெறும் ரோட்டில் "பொறுலே, பொறுலே" என்பார், பஸ் வரும்போது "போலே" என்பார். என் வீட்டுக்காரர் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, நடுக்கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். நான் மாமாவின் தோளுக்கு மேலாக எட்டி ரோட்டைப் பார்த்துத் தலையசைப்பேன். அப்புறம்தான் மிதிப்பார். மாமா கடைசிவரைக்கும் அதைக் கவனிக்கவில்லை. லீவில் வந்து பார்த்த மீரான் அண்ணன் மட்டும் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

மாமா போன பிறகு வண்டியும் தளர்ந்துவிட்டது. அடித்தகரத்தில் துரு திரும்ப வந்தது, பொருந்துகிற ஜீப் வாஷரும் கிடைக்காமல் போயிற்று. பழைய கார் சேர்க்கிற ஒரு பையன் கோயம்புத்தூரிலிருந்து வந்து, எங்களைவிட நன்றாக வைத்துக்கொள்வேன் என்று சொல்லி லாரியில் ஏற்றினான். ஏற்றும்போது விளக்கைப் போட்டுக் காட்டச் சொன்னான். வலது விளக்கு எழுந்து படுத்துவிட்டது. சோம்பேறி இடது விளக்கு எழுந்தது, படுக்க மறுத்துவிட்டது. அப்படியே ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு ராஜபாளையம் ரோட்டில் போயிற்று. என் வீட்டுக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது எங்களிடம் வெள்ளை நிறத்தில் ஒரு சின்னக் கார், எல்லாரும் வைத்திருப்பதுதான். அவருக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டதால், ஐம்பது வயதுக்கு மேல் நான் ஓட்டப் படித்தேன். யோசித்துப் பார்த்தால், அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம், பழைய இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஸ்டீரிங்தான் இடம் மாறியிருக்கிறது. செருமுவதற்கு அத்தை இல்லை, முந்திக்கொண்டு சட்டை மாட்ட மாமா இல்லை, பிள்ளைகள் வெளியூரில். வீடே எங்களுக்கென்று ஆன பிறகு, காரில் பேசுவதற்கென்று சேர்த்துவைக்க ஒன்றுமில்லை. லாரி முன்னால் போனால் மட்டும் அவர் "போலாமா?" என்று கேட்பார். ரோடு எனக்குத்தான் தெரிகிறது. "பொறுங்க" என்கிறேன். அப்புறம் "போலாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நானே மிதிக்கிறேன்.

ரத வீதி மூலையில் பாத்திரக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. நிஜமாகவே ஓட்டிக்கொண்டு போகிறேன், ஒரு தலைகூடத் திரும்புவதில்லை. வழியில் பிச்சி வாங்கினால் அவர் மடியில்தான் கிடக்கிறது. வீடு வந்து, வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகுதான் தலையில் வைக்க முடிகிறது.