கோட்டின் வெளிப்பாதி

திண்டிவனத்தில் யாருக்கு எவ்வளவு துக்கம் என்று கேட்டால் நான் பாயிண்ட் கணக்கில் சொல்லுவேன். எங்கள் கடைக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போட வருகிறவர்கள் போட்டோவைக் கொடுத்ததும் அடுத்துப் பேசுவது சுற்றிலும் வரும் கறுப்புக் கோட்டைப் பற்றித்தான். கோட்டின் தடிமனைப் பாயிண்டில்தான் அளப்போம். தெருக்காரர்கள் சார்பில் என்றால் மெல்லிய கோடு போதும். மகன்கள் சார்பில் என்றால் தடிமனாக வேண்டும். ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மருமகன் வந்தார். மாமனார் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டு வாசல்படியை மிதிக்காதவர். "இன்னும் கெட்டியா போடுங்க" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் மாமனார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறவர் மாதிரி ஆகிவிட்டார். கேட்டதைப் போட்டுக் கொடுத்தேன். எனக்கென்ன வந்தது?

தொழில் கற்றது விழுப்புரத்தில். 1993இல் அங்கே ஓர் அச்சகத்தில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். சில வருஷத்தில் கம்ப்யூட்டர் வந்தது. படம் வரைகிற சாஃப்ட்வேரில் என்னை முதலில் பாடாய்ப் படுத்தியது அளவுதான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற ஒரு மண்டிக்கு முத்திரை வரைந்து, அச்சுக்கு அனுப்பும் ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ணினேன். வரைந்ததை மட்டும் எடு என்று டிக் போடாததால் முழுப் பக்கமும் வெறுமையாகச் சேர்ந்து போய்விட்டது. சாக்கில் அச்சாகி வந்தபோது முத்திரை ஒரு மூலையில் கொட்டைப்பாக்கு அளவுக்கு உட்கார்ந்திருந்தது.

"இன்னாம்மா, மல்லாட்டைய காணோம், வெறும் சாக்குதான் கீது" என்றார் மண்டிக்காரர்.

அன்றிலிருந்து டிக் போட மறந்ததில்லை. டிக் போட்டால் பக்கம் கணக்கில் வராது. படம் எதுவரை போகிறதோ அதுவரைதான் அளவு.

அடுத்தது இந்தக் கோடு. ஒரு கட்டம் வரைந்து அதற்குக் கோடு கொடுத்தால், கோட்டின் பாதி கட்டத்துக்கு உள்ளே நிற்கும், பாதி வெளியே நிற்கும். மேலே அளவு காட்டும் இடம் கட்டத்தை மட்டும் சொல்லும், கோட்டைச் சொல்லாது. எக்ஸ்போர்ட் பண்ணும்போது வெளிப்பாதியும் சத்தமில்லாமல் சேர்ந்துவிடும். போஸ்டரில் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. கட்டம் தாளின் விளிம்போடு நிற்கும், வெளிப்பாதி தாளுக்கு அப்பால் விழும், அச்சில் வராது. அதனால் கல்யாணமாகித் திண்டிவனத்தில் சொந்தக் கடை போட்ட பிறகு அதைப் பற்றி நினைக்க வேண்டியே இருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டினார். பெரிய உடம்பு இல்லை. ஆனால் உட்கார்ந்தால் முழங்கையும் முழங்காலும் நாலு பக்கமும் போகும். கடையில் இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தாலும் கம்ப்யூட்டர் முன்னால் என் பெஞ்சில்தான் வந்து உட்காருவார். "கொஞ்சம் தள்ளிக்க" என்பார். கடைக்குள் வந்ததும் அதுதான் முதல் பேச்சு. நான் மௌஸோடு சுவரோரம் நகர்வேன். பேஜாரு பிடித்த மனுஷன் என்று திட்டிக்கொண்டேதான் நகர்வேன்.

ஓர் ஆடி மாதம், திருவெண்ணெய்நல்லூருக்குக் கரும்பு ஏற்றப் போனவர் வண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

அவருடைய போஸ்டரையும் நான்தான் போட்டேன். வேறு யாரிடம் கொடுப்பது? போட்டோவின் பின்னணியை வெட்டினேன். மூக்கோரம் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது, துடைத்தேன். கண்ணீர் அஞ்சலி என்று அடித்தேன். கண்ணீர்தான் வரவில்லை. சொந்தக்காரப் பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து, உலுக்கி, அவர் பேச்சை எடுத்து, என்னென்னவோ பண்ணிப் பார்த்தார்கள். நடக்கவில்லை என்றதும் அவர்களுக்கு என்மேல் கோபம். எனக்கு யார்மேலும் ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

கல்லறைத் தோட்டத்திலும் அப்படியேதான். சவப்பெட்டியின் கைப்பிடிகளைச் சேர்க்காமல் அளந்து குழி வெட்டியிருந்தார்கள். பெட்டி இறங்கவில்லை. இறக்கப் பார்த்ததை மேலே தூக்கி வைத்துவிட்டு ஓரத்தை வெட்டினார்கள். மண் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் மாமியாருக்கு ஒரே கவலை, பெயர்க்கல். நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். அன்று சர்ச்சிலிருந்து சாமியார் வந்து ஒவ்வொரு கல்லறையாகப் போய்ப் பெயரைப் படித்து, தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார்.

"பேரு இல்லாத கல்லறையில சாமியார் யாருன்னு சொல்லி ஜெபம் பண்ணுவாரு? எம் புள்ள பேரு தெரியாத பொணமா?" என்று தினமும் கேட்பார்.

கொத்தனார் கல்லறையின் தலைமாட்டில் பதினெட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு பள்ளம் விட்டிருந்தார். கல் அதில் பதிய வேண்டும். நான் அதே அளவில் கட்டம் போட்டு உள்ளே பெயரை அடித்தேன். மாமியார் பக்கத்தில் நின்று, "ஊருக்கெல்லாம் கெட்டியா கோடு போட்டுக்கினு கீறியே, எம் புள்ளைக்கு நல்லா கெட்டியா போடு" என்றார். அரை அங்குலத்துக்குப் போட்டேன். அளவு காட்டும் இடத்தில் பதினெட்டு, பன்னிரண்டு என்றே இருந்தது. டிக் போட்டு எக்ஸ்போர்ட் பண்ணி, பென் டிரைவில் கொழுந்தனாரிடம் கொடுத்தனுப்பினேன். விழுப்புரத்தில் கம்ப்யூட்டரை வைத்தே கல் வெட்டிப் பொறிக்கிற கடை ஒன்று வந்திருந்தது.

கல் வந்து சேர்ந்தது திருநாளுக்கு முந்தைய நாள். சாக்கில் சுற்றி மடியில் வைத்தபடி பஸ்ஸில் கொண்டுவந்தார் கொழுந்தனார். நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கே போனோம். கொத்தனார் கல்லைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினார். திருப்பி வைத்து அழுத்தினார்.

"அக்கா, கல்லு பெருசா கீதே" என்றார்.

கொழுந்தனார் அங்கிருந்தே கடைக்குப் போன் போட்டார். ஃபைலில் வந்த அளவுக்குத்தான் வெட்டினோம் என்றார்களாம். எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. கல்லைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கோட்டின் வெளிப்பாதி நாலு பக்கமும் கால் கால் அங்குலம் கூடியிருந்தது. போஸ்டரில் போல அதை வெட்டிவிட இங்கே தாளின் விளிம்பு இல்லை.

"ஓரத்துல கோடுதானக்கா. மிஷின்ல பாதிய அறுத்துட்டா பூந்துடும், ஜல்தியா ஆயிடும்" என்றார் கொத்தனார்.

மாமியார் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அறுக்கக் கூடாது. இவன் குழிக்கும் அடங்கல, கல்லுக்கும் அடங்கல. இடத்த பெருசாக்கு."

கொழுந்தனார் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்திருக்கலாம். வரவில்லை.

கல் அன்று பொழுது சாய்வதற்குள் பதிந்துவிட்டது. மறுநாள் சாமியார் பெயரைச் சத்தமாகப் படித்துத்தான் மந்திரித்தார். மாமியாருக்கு நிறைவு. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது.

நான் தலைமாட்டில், பள்ளத்தை ஒட்டிக் குந்தியிருந்தேன். கொத்தனார் உளியும் சுத்தியலுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஓங்கி அடிக்க இடம் பத்தவில்லை. முழங்கையை அகட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"கொஞ்சம் தள்ளிக்கங்க அக்கா."

நான் நகர்ந்தேன். கடையில் எந்தப் பக்கம் நகர்வேனோ அந்தப் பக்கமே நகர்ந்து, சுவரில் சாயப் போனேன். அங்கே சுவர் இல்லை. மண்ணில் விழுந்து, மாமியார் பயந்துபோகிற அளவுக்குச் சத்தம் போட்டு அழுதேன். கொத்தனார் உளியைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பார்த்தார்.

"எங்க பட்டுச்சுக்கா? எங்க பட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.