இருபத்து மூன்று கிலோவுக்குள் அக்கா

சுழியோடுகிறவர்களின் சாமான்களை விமானப் பயணத்துக்கு எப்படி அடுக்குவது என்று என்னைக் கேட்டால், இப்போதும் மூச்சுவிடாமல் சொல்வேன். ஈயக்கட்டியும் சிலிண்டரும் வேண்டாம், போன இடத்தில் வாடகைக்கு எடுக்கலாம். ரெகுலேட்டர், அதாவது சிலிண்டரின் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி, கைப்பையில்தான் போக வேண்டும். அதன் குழாயை மடிக்கக் கூடாது, வட்டமாகச் சுற்றித் துவாயால் மூட வேண்டும். கத்தி பெரிய பெட்டிக்குள். டோர்ச்சின் பற்றரி கைப்பையில். பீசீடி என்று நாங்கள் சொல்லும் காற்றுச் சட்டையை அமுக்கி அமுக்கி வெறுமையாக்கினால் ஒரு தலையணை அளவுக்கு வரும். காலில் போடும் ரப்பர்த் துடுப்புகள் இரண்டும் பெட்டியின் இரு கரையிலும் மதில்போல் நிற்கும். நடுவில் எது வைத்தாலும் நசியாது. எல்லாம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். உடம்போடு ஒட்டும் ரப்பர் உடுப்பான வெட்சூட் ஈரமாக இருந்தால் காய்ந்ததைவிட இரண்டு மடங்கு பாரம்.

இவ்வளவும் சொல்வேன். ஆனால் நான் இதுவரை எந்த விமானத்திலும் ஏறியதில்லை. இதெல்லாம் அக்கா கனடாவுக்குப் போனபோது படித்தது.

எங்கள் வீடு சண்டிலிப்பாயில். அப்பா வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். தோட்டக்காரரின் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் கடலுக்கடியில் என்ன செய்கிறார்கள் என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. அக்கா பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியல் படித்தாள். முருகைக்கல், அதாவது பவளப்பாறை, கணக்கெடுப்புக்காகத் திருகோணமலையில் சுழியோடப் பழக அனுப்பினார்கள். விடுமுறையில் சும்மா நின்ற நான் தொற்றிக்கொண்டு போய், பயிற்றுநரிடம் கெஞ்சி நானும் பழகினேன்.

முதல் பாடமே முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் அதை எப்படி வெளியேற்றுவது என்பதுதான். மேலே வரக்கூடாது. தலையை நிமிர்த்தி, மாஸ்க்கின் மேல் விளிம்பை இரண்டு விரலால் அமுக்கி, மூக்கால் ஊத வேண்டும். தண்ணீர் கீழ்ப்பக்கத்தால் போய்விடும். எனக்கு முதல் தரமே வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. கண்ணில் உப்புத் தண்ணீர் பட்டதும் பதறி மேலே பாய்வாள். இடுப்பளவு தண்ணீரில் அவளுக்கு முன்னால் முழங்காலில் நின்று, நான் நிமிர்ந்து, நெற்றியில் விரல் வைத்து, ஊதிக் காட்டுவேன். அவள் பார்த்துப் பார்த்துச் செய்தாள். ஒரு பின்னேரம் சரிவந்தது. அதன் பிறகு தண்ணீர் இல்லாதபோதும் பழக்கதோஷத்தில் அதைச் செய்துகொண்டிருப்பாள்.

அன்றிலிருந்து நாங்கள் சோடி. சோடி இல்லாமல் கீழே போகக்கூடாது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் காட்டினால் 'சுகமோ' என்று கேட்பது. மற்றவர் அதே வளையத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். பதில் வராவிட்டால் உடனே பக்கத்தில் போக வேண்டும். மயிலிட்டியில் ஒரு போட்டுக்கார அண்ணை, மீன்பிடிக்கப் போகாத நாட்களில் எங்களை முருகைக்கல்லுப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பழைய சாமான் இரண்டு செற் வாங்கியிருந்தோம். அக்காவுடையதில் பச்சைத் துடுப்பு, என்னுடையதில் மஞ்சள்.

பிறகு கலியாணம். அத்தான் நல்ல மனுசன், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கலியாணம் முடித்துவிட்டு அவர் கனடாவுக்குத் திரும்பிப் போக, அக்கா விசாவுக்காகக் காத்திருந்தாள். அந்த நாட்களில்தான் நாங்கள் அதிகம் சுழியோடினோம். விசா வந்த அன்று வரைபடத்தில் அத்தானின் நகரத்தைத் தேடினேன். கனடாவின் நடு வயிற்றில் இருந்தது. எந்தப் பக்கம் விரல் வைத்தாலும் கடலுக்கு வெகுதூரம்.

நான் விடவில்லை. ஏரிகள் இருக்கின்றன, ஏரிக்குள்ளும் சுழியோடுகிறார்கள், பனிக்கு அடியில்கூடப் போகிறார்கள் என்று காணொளிகளைத் தேடித் தேடி அனுப்பினேன். அத்தான் போனில் சிரித்தார்.

"மச்சாள், உதுகளைக் கொண்டுவந்து எங்கை குதிக்கிறது? எங்கடை பிறிட்ஜுக்குள்ளையோ?"

"அத்தான், உங்கை ஏரி ஆயிரம் கிடக்கு. சும்மா வீட்டுக்குள்ளை இருந்து பழகிப்போனியள்."

"சரி சரி, கொண்டுவரட்டும். பாரத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்லை."

அனுமதி கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். அக்கா சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த சட்டையை எடுத்தாள்.

கடைசிச் சுழியோட்டத்தையும் நான்தான் குறித்தேன். தண்ணீருக்கடியில் போய்வந்த உடம்போடு உடனே விமானம் ஏறக்கூடாது. இரத்தத்தில் கரைந்த வாயு வெளியேற ஒரு முழுநாளாவது விட வேண்டும். கையில் கட்டும் டைவ் கொம்பியூட்டர் அதைக் கணக்கு வைத்து, குறுக்கே கோடு போட்ட ஒரு சின்ன விமானத்தைத் திரையில் காட்டும். அது மறையும்வரை பறக்கக்கூடாது. எவ்வளவு கிட்டக் கொண்டுவரலாமோ அவ்வளவு கிட்டக் கொண்டுவந்து கடைசி நாளை வைத்திருந்தேன். மேலே வந்து வள்ளத்தில் ஏறியதும் அக்கா கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"உது போகாமலே நிண்டால் என்னடி செய்யிறது?"

"பற்றரி பழுதெண்டு அர்த்தம்," என்றேன். "மாத்தலாம்."

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் அடுக்கல். ஒரு பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ. இரண்டு பெட்டிகள். ஒன்று முழுக்க அம்மாவின் ஆட்சி: சேலைகள், குத்துவிளக்கு, கோயில் பிரசாதம். மற்றதில் பாதியை நான் போராடி எடுத்தேன். துடுப்பில் கால் நுழைக்கும் இடத்துக்குள் ரப்பர்ச் சப்பாத்து, அந்தச் சப்பாத்துக்குள் அம்மாவின் மிளகாய்த்தூள் பைகள். வெட்சூட்டை விரித்து, அதற்குள் கூறைச்சேலையைச் சுற்றினேன். சேலை கசங்காது, தூள் சிந்தாது. என் கெட்டித்தனத்தில் எனக்கே பெருமை தாங்கவில்லை.

நிறுத்துப் பார்க்க வீட்டில் தராசு இல்லை. அப்பாவின் வெங்காயத் தராசு கடையில் நின்றது. அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், பெட்டியை ஓட்டோவில் ஏற்றி நேரே மயிலிட்டிக்குக் கொண்டுபோனேன். போட்டுக்கார அண்ணை மீன் நிறுக்கும் கொழுக்கியில் பெட்டியைக் கொழுவ, அதன் சில்லுச் சக்கரங்கள் அந்தரத்தில் சுழன்றன. மீன் வாங்க நின்றவர்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன மீனடாப்பா உது, சில்லு பூட்டின மீன்?"

"கிலோ என்ன விலை, தங்கச்சி?"

"ஏத்துமதி மீன். உங்கடை காசுக்குக் கட்டாது," என்றார் அண்ணை. தராசு முள்ளைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இருபத்து மூண்டுக்குக் கொஞ்சம் குறைவாக் கிடக்கு, பிள்ளை. ரண்டு சூடைக் கருவாடும் வைக்கலாம்."

வைத்தார். நானும் சிரித்துக்கொண்டு வாங்கி வைத்தேன்.

வீட்டு வாசலிலேயே அம்மாவுக்கு மணந்துவிட்டது. "எங்கை கொண்டுபோனனீ?" என்றவள், பதிலைக் கேட்டதும் தலையில் கைவைத்தாள். "கூறைச்சேலை கிடக்கிற பெட்டியடி! மீன் கொழுக்கியிலையோ தூக்கினனீ? மச்சத் தீட்டுப் பட்டுப்போச்சே!" கருவாடு வெளியே போனது. செம்பில் மஞ்சள் தண்ணீர் வந்தது. அம்மா பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தெளிக்க, நான் "ஈரம், அம்மா, பாரம் கூடும்!" என்று கத்திக்கொண்டு துவாயோடு பின்னால் ஓடினேன். அக்கா கட்டிலில் விழுந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

பெட்டி பூட்டியாயிற்று. சாமான் போனால் அவள் அங்கேயும் சுழியோடுவாள். சுழியோடினால் என் அக்காவாகவே இருப்பாள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

புறப்படும் காலை, கட்டுநாயக்கா விமானநிலையத்துக்குப் போக வான் வண்டி வந்து நிற்கும்போது, அத்தானின் அம்மா அளவெட்டியிலிருந்து வந்தார். கையில் இரண்டு பெரிய பைகள். மகனுக்கென்று தன் கையால் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, வடை, பயற்றம் பணியாரம். ஒவ்வொன்றையும் பொலித்தீனில் சுற்றி, நூலால் கட்டி, மேலே மகனின் பெயரை எழுதியிருந்தார். எங்கள் ஊர்களில் வெளிநாடு போகிறவரிடம் பார்சல் கொண்டுவந்தால் மறுக்கிற வழக்கமே இல்லை. தெருவில் போகிறவர் தந்தாலும் வாங்கத்தான் வேண்டும். இது மாமியார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "மாமி, அங்கை கடையிலை எல்லாம் வாங்கலாமே," என்றேன்.

"வாங்கலாம் பிள்ளை," என்றார் அவர், கோபமே இல்லாமல். "நான் அவனுக்குச் சமைச்சுப் போட்டு எத்தினை வருசம்."

 வான் சாரதி வெளியே ஹோர்ன் அடித்தார். அக்கா நிலத்தில் குந்தியிருந்து பெட்டியைத் திறந்தாள். முதலில் காற்றுச் சட்டையை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு துடுப்புகள். சப்பாத்திலிருந்து மிளகாய்த்தூள் பைகளைத் தட்டி எடுத்துவிட்டு அவற்றையும் வைத்தாள். கடைசியாக வெட்சூட்டை விரித்துக் கூறைச்சேலையை மட்டும் எடுத்தாள். கைப்பையிலிருந்து ரெகுலேட்டரும் முகக்கண்ணாடியும் கட்டிலுக்கு வந்தன. அவசரமே இல்லை. சுழியோடி முடித்து வள்ளத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும்போது அவள் கை எப்படிப் போகுமோ அப்படிப் போனது.

"அக்கா, உனக்கென்ன விசரே? ரெகுலேட்டர் கைப்பைக்குள்ளை தானே, அதை ஏன் எடுக்கிறாய்? வேணுமெண்டால் அந்த விளக்கை எடுப்பம், சேலையைக் குறைப்பம், வெட்சூட்டை நீ போட்டுக்கொண்டு..."

"நான் அவருக்கு முந்தியே சொல்லிப்போட்டன், கொண்டுவரேல்லை எண்டு."

"எப்ப?"

"விசா வந்த அண்டைக்கே. உனக்குச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னனான்."

"அப்ப ஏன் என்னை அடுக்க விட்டனீ?"

அவள் மாமியின் பைகளைப் பெட்டிக்குள் வைத்தாள். இடம் அளவெடுத்ததுபோல் இருந்தது.

"நீ அடுக்கிறதைப் பாக்க வடிவா இருந்துது," என்றாள். "அதுவரைக்கும் நானும் கொண்டுபோறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். ஆரோடை அங்கை நான் சுழியோடுறது, சொல்லு பாப்பம்?"

 எல்லோரும் பெட்டியை வானுக்குத் தூக்கும்போது, கட்டிலில் கிடந்த அவளுடைய முகக்கண்ணாடியை மட்டும் கைப்பையின் அடியில் தள்ளிவிட்டேன். அதற்குப் பாரமே இல்லை.

விமானநிலையக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தாள். நான் விரலை வளையமாக்கிக் காட்டினேன். அவளும் காட்டினாள். பிறகு ஆட்கள் மறைத்துவிட்டார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது, வெங்காயப் பிடிகள் தொங்கும் கொட்டிலுக்குள் அப்பா அவளுடைய சாமான்களைக் கொழுவியிருந்தார். வெட்சூட், பீசீடி, பச்சைத் துடுப்பு. "வெயில்லை போட்டால் ரப்பர் வெடிக்கும் எண்டு அவள் சொல்லுறவள்," என்றார்.  சப்பாத்தைக் கழுவியும் மிளகாய் மணம் போகவில்லை.

குளிர் தொடங்கிய பிறகு ஒருநாள் அக்கா காணொளியில் எடுத்தாள். போனைச் சமையலறையில் எதிலோ சாய்த்து வைத்திருந்தாள். திரையில் அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வெடித்தது. முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சிரியாதை," என்றாள், மூக்கு அடைத்த குரலில். "ஒரு சொட்டுக் கண்ணீரும் வராது. நல்ல சாமான் தந்துவிட்டாய்."

"அத்தான் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பிப்போட்டார். இந்த வெங்காயத்தைப் பார், தேங்காயளவு. எங்கடையின்ரை உறைப்பு இல்லை." வெட்டிக்கொண்டே கேட்டாள். "மயிலிட்டிக்குப் போறனீயோ?"

"இல்லை."

"ஏனடி? கடல் இப்ப சரியில்லையோ?"

"கடல் கிடக்கு. சோடி இல்லை."

கத்தி நின்றது.  கண்ணாடியின் கீழ் விளிம்பில் தண்ணீர் தேங்குவது எனக்குத் தெரிந்தது. முதலில் ஒரு கோடுபோல், பிறகு கொஞ்சம் உயர்ந்து. நான் தலையை நிமிர்த்தி, நெற்றியில் இரண்டு விரல் வைத்து, மூக்கால் ஊதிக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தபடியே கத்தியை வைத்துவிட்டு, நிமிர்ந்து, விளிம்பை அமுக்கி, ஊதினாள். தண்ணீர் கீழால் வழிந்து உதட்டுக்கு வந்தது. கண்ணாடி தெளிந்தது. மறுபடியும் நிறையத் தொடங்கியது.

விரலை வளையமாக்கித் திரைக்குக் கிட்டக் காட்டினேன்.

அவள் கைகள் இரண்டும் வெங்காயத்தின் மேல் திரும்பிப் போய்க் கிடந்தன.

நான் மறுபடியும் காட்டினேன்.