மோவாகியின் நானூறு கிலோ

எங்கள் ஊரில் மோவாகியின் வண்டியை வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு, ஏறியவர்கள் கிடையாது. ஏறுவதென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே எதையும் தின்னக் கூடாது. கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது. இத்தனையும் கேட்டபிறகு எவனுக்கு ஏறத் தோன்றும்? கழுதை வண்டியே தேவலை என்று போய்விடுவார்கள்.

ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. மாட்டு நோய் பரவாமல் அரசாங்கம் போட்ட கம்பி வேலியோரமாக இருபத்திரண்டு வருஷம் அரசாங்க வண்டி ஓட்டியவன். அந்த வேலியோரத்தில் பேச்சுத் துணைக்கு நெருப்புக்கோழிதான் உண்டு. பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினான். பழசுதான், ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும், எந்த மணலிலும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை ஊரே கோயிலுக்குப் போனால் இவன் அதைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பான்.

போன மார்ச்சில் புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், முன்னால் இரண்டு பெரிய லைட் எல்லாம் போட மாவுன் டவுனுக்குப் போனான். கடைக்காரர் விவரமான ஆள். எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி கேட்டார்.

"பின்னால எப்பவும் எவ்வளவு பாரம் இருக்கும், ஐயா? அதை வெச்சுத்தான் ஸ்பிரிங்கு."

மோவாகியின் வண்டியில் பின்னால் எப்போதும் இருப்பது ஒரு மடக்கு நாற்காலி, ஒரு டீ ஃப்ளாஸ்க். அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"நானூறு கிலோ" என்றான்.

"அம்மாடி! அப்படி என்ன ஏத்துவீங்க?"

"ஆளுங்கதான். குடும்பம் பெரிசு."

கடைக்காரர் நம்பிவிட்டார். நானூறு கிலோவுக்கான ஸ்பிரிங்கைப் போட்டார். பின்னால் எட்டு சிமெண்ட் மூட்டையை ஏற்றிவைத்து, வண்டி சமமாக நின்றபிறகு, எதிர்ச் சுவரில் குறி போட்டு லைட்டைத் திருகினார். பிறகு மூட்டைகளை இறக்கினார். அவ்வளவுதான், சண்டைக்கு வரும் வாத்து மாதிரி வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

ஊர் வந்து சேருவதற்குள் மோவாகியின் தலை கூரையில் பதினோரு தடவை இடித்தது. இருட்டியதும் லைட்டைப் போட்டான். மூக்கு தாழ்ந்த வண்டிக்கு முன்னால் பத்தடி மணல் பகல் மாதிரி தெரிந்தது, எறும்பைக்கூட எண்ணலாம். பதினோராவது அடியிலிருந்து கும்மிருட்டு.

திரும்பப் போய் மாற்றியிருக்கலாம்தான். ஆனால் கடைக்காரரிடம் என்ன சொல்வது? குடும்பம் சின்னதாகிவிட்டது என்றா? மானம் போய்விடுமே. இடுப்பில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் "மெத்தையில படுத்த மாதிரி போகுது" என்று புளுகினான்.

இப்படியே ஜூன் வந்தது. அவன் அக்கா கெபொன்யேயின் மகன் ஓட்டெங்குக்குப் பெண் கேட்கப் போக வேண்டும். தாய்மாமன் முன்னால் நிற்காமல் எங்களில் பெண் கேட்கும் வழக்கமில்லை. அதுவும் சூரியன் கிளம்புமுன் பெண் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். மே மாதம் ஒரு தடவை போனபோது, கூட்டிப்போன பிக்கப் மணலில் புதைந்து, எட்டு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். பெண்ணின் பெரியப்பா படலையைத் திறக்கவே இல்லை. "இன்னொரு தடவை வெயில் வந்தப்புறம் வந்தீங்கன்னா, வேற வீடு பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"இந்தத் தடவை உன் வண்டிடா" என்றாள் கெபொன்யே. "பையன் சோறு தண்ணி இறங்காம கெடக்கான். அத்தைமாரையும் நீதான் ஏத்திக்கணும்."

"நான் முன்னால போய் வழி காட்டறேன். அத்தைமாரு பிக்கப்புல வரட்டும்."

"ஏன், உன் சீட்டு தேஞ்சிடுமா?"

தேய்ந்துவிடும் என்றுதான் அவன் நினைத்தான். அத்தைமாருக்குப் பிக்கப்பையே பேசிவிட்டான்.

விடிகாலை மூன்று மணிக்குக் குளிரில் கிளம்பினார்கள். தொண்ணூறு கிலோமீட்டர், முழுக்க மணல். வழி காட்டுகிறேன் என்றவனுக்கு வழியே தெரியவில்லை. பத்தடி வெளிச்சத்தில் மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்தான். பின்னால் பிக்கப்காரன் ஹாரனை அடித்து உயிரை வாங்கினான். கூடவே மணலில் ஊர்ந்து ஊர்ந்து, பாதி வழியில் அவன் கிளட்ச் கருகிப்போனது.

ஐந்து அத்தைகளும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மணலில் இறங்கி நின்றார்கள். மணி ஐந்து. மூத்தவளான லெருவோ அம்மா நேராக வந்து மோவாகியின் கதவைத் திறந்தாள்.

"அத்தை, செருப்பு..."

"செருப்பாலயே அடிப்பேன், பேசாம இருடா!"

மூன்று பேர் பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் அதற்கும் பின்னால், மடக்கு நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டுச் சம்மணம் போட்டார்கள். ஒருத்தி பொட்டலத்தைப் பிரித்து, எண்ணெய் சொட்டும் மக்வின்யா உருண்டையை எல்லோருக்கும் கொடுத்தாள். மோவாகி கண்ணை மூடிக்கொண்டான்.

வண்டி மெல்ல ஒரு பெருமூச்சு விட்டு, பின்பக்கம் தாழ்ந்தது. அவன் கண்ணைத் திறந்தபோது வெளிச்சம் மணலைவிட்டு எழுந்து, பாதை நெடுகப் போய், எங்கோ தூரத்து முள்மரத்தின் உச்சிக் கிளைவரை தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு மான் திகைத்துப் பார்த்துவிட்டு ஓடியது. அவன் வண்டியை எடுத்தான். மேடு வந்தது, தெரியவில்லை. பள்ளம் வந்தது, அதுவும் தெரியவில்லை. தொட்டில் ஆட்டுகிற மாதிரி போனது. இரண்டு அத்தைகள் தூங்கியே போனார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் லெருவோ அம்மா. "அப்புறம் ஏன்டா இவ்வளவு நேரம் நத்தை மாதிரி வந்தே?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். ஸ்பிரிங், சிமெண்ட் மூட்டை, பத்தடி வெளிச்சம் எல்லாம்.

"நானூறா! அஞ்சு பேரு, ஆளுக்கு எண்பதுன்னு எங்களை எடை போட்டுட்டான் பாருங்கடி!"

"நான் எழுபத்தெட்டுதான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏன்டா அப்படிச் சொன்னே?" லெருவோ அம்மா விடவில்லை.

மோவாகி கியரை மாற்றினான். "பின்னால என்ன இருக்கும்னு கேட்டான், அத்தை. யாரும் இல்லைன்னு சொல்ல நாக்கு வரல."

லெருவோ அம்மா கம்பளி முனையால் மூக்கைத் துடைத்தாள். ஆனால் அவள் அழுகிற ஜாதி இல்லை.

"அதுக்கு நானூறா? ஒரு பொண்டாட்டி இருக்கான்னு சொல்லியிருந்தா எழுபதோட போயிருக்குமேடா, மடையா!"

ஐந்து பேரும் சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்கியது. மோவாகியும் சிரித்துவிட்டான்.

பெண் வீட்டு வாசலில் அவர்கள் இறங்கியபோது கிழக்கே வெளுத்திருந்தது, சூரியன் வரவில்லை. பெரியப்பா வெளியே வந்து வானத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு படலையைத் திறந்தார். பெண்ணுக்குப் பரிசம் எட்டு மாடு என்று பேச்சு முடிந்து, ஓட்டெங்குக்கு அன்று மாலைதான் சோறு இறங்கியது.

அடுத்த சனிக்கிழமை காலையில் லெருவோ அம்மா வீட்டு வாசலில் ஹாரன் கேட்டது. மற்ற நாலு அத்தைகளும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள்.

"அத்தை, டவுனுக்குப் போலாமா?"

"நேத்துதானேடா உன் அக்கா கடைச் சாமானெல்லாம் வாங்கிட்டு வந்தா. அங்க போய் என்ன பண்ண?"

"சும்மா போய்ட்டு வரலாம், அத்தை."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்து, கதவருகே நின்று, வேண்டுமென்றே குனிந்து செருப்பில் கைவைத்தாள்.

"போட்டுக்கிட்டே ஏறு, அத்தை" என்றான் மோவாகி. "அதுவும் கனம்தானே."