ஒரு வாளிக்குப் பத்து வாளி

செத்தல் மிளகாய் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்திய எழுபதுகளில், கந்தோரில் பேனை பிடித்தவர்கள் எல்லோரும் சனி ஞாயிறுகளில் மண்வெட்டி பிடித்துக் கமக்காரர் ஆனார்கள். நானும் ஆனேன். வெளியில் தேசப்பற்று என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எங்கள் வீட்டுக் குழம்பில் மிளகாய்த்தூள் வதந்தி அளவுக்குத்தான் இருந்தது.

நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் குடியிருந்த வீட்டு வளவில் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கத்தான் இடம். காணி தந்தவன் கிளிவெட்டியிலிருந்த என் கூட்டாளி. பறித்தவனும் அவன்தான், அது பிறகு. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து, என் கணக்கைப் பார்த்து எழுதிச் சித்தியடைந்தவன். என்னைவிடக் கூடிய புள்ளிகள் எடுத்தவன். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். அவனுடைய வயலுக்குப் பின்னால், மேட்டில் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. வெறும் வெள்ளை மணல். நாயுருவிகூட இரண்டு தரம் யோசித்துத்தான் அங்கே முளைக்கும்.

“செய் மச்சான். உனக்கு வேணுமெண்ட காலம் வரைக்கும் செய். குத்தகை கித்தகை எண்டு கதைச்சியெண்டா செருப்பால அடிப்பன்” என்றான்.

எங்கள் பக்கத்தில் கூட்டாளிகளுக்கிடையில் காணி வாயாலேயே கைமாறும். கடதாசி கேட்டால் சந்தேகப்படுகிறாய் என்று அர்த்தம். சந்தேகப்படுகிறவனுக்கு அந்த வீட்டில் பிறகு சோறு இல்லை. எனக்குக் காணியும் வேண்டும், சோறும் வேண்டும்.

மனைவி மட்டும் கேட்டாள்: “இஞ்சருங்கோ, முதல்ல செருப்பால அடிக்கிறது சரி. பிறகு என்னத்தால அடிப்பாரெண்டு கேட்டனீங்களோ?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில் யூரியா செல்வாக்குள்ளவர்களுக்குத்தான் கிடைத்தது. என்னிடம் இருந்தது வாசிப்பு மட்டும். நூலகத்தில் எடுத்த புத்தகத்தைப் பார்த்துக் கூட்டெரு போடத் தொடங்கினேன். வைக்கோல் ஒரு படை, வேலியில் முறித்த சீமைக்கிளுவைக் குழை ஒரு படை, மாட்டுச் சாணம் ஒரு படை. முதல் குவியலில் தண்ணீர் கூடி, ஊரே மூக்கைப் பொத்தியது. இரண்டாவது காய்ந்துபோய்க் கறையான் குடிபுகுந்தது. மூன்றாவது குவியலுக்குள் கையை விட்டபோது சூடு அடித்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் கூடக் கூட எனக்கு மகிழ்ச்சி.

மீன் கழிவும் சேர்த்தால் நல்லது என்று புத்தகம் சொன்னது. அதைக் கடல் கடக்கும் லாஞ்சியில் கொண்டுபோவது எப்படி என்று சொல்லவில்லை. நகரத்து மீன் சந்தையில் குடலும் செதிலும் அள்ளி, மண்ணெண்ணெய்த் தகரத்தில் அடைத்து, மூதூர் லாஞ்சியில் காலுக்கடியில் வைத்துக்கொள்வேன். மூதூரில் இறங்கிக் கிளிவெட்டிக்கு பஸ். லாஞ்சியில் மூதூர்ப் புடவைக் கடைக்காரர் ஒருவர் வழக்கமாக வருவார். முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் நாங்கள் எல்லோரும் அவரைக் காக்கா என்போம்.

“என்ன கிளாக்கர், மாமியார் வீட்டுக்குப் பலகாரமா?”

“பசளை, காக்கா.”

“மூடி வச்சே இந்த வாசமா? தெறந்தீங்கண்டா லாஞ்சி இஞ்சின் இல்லாமலே ஓடும்.”

முதிர்ந்த கூட்டெருவைச் சாக்கில் கட்டி, தண்ணீர் நிறைத்த பீப்பாவுக்குள் தொங்கவிட்டு ஒரு கிழமை ஊறவைப்பேன். கிழமை நாட்களில் அதைக் கிண்டிவிட்டவள் கூட்டாளியின் தங்கை. சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, என்னையும் என் புத்தகத்தையும் சேர்த்துத் திட்டியபடி கிண்டுவாள். கூட்டாளி கிட்டவே வரமாட்டான். வேலிக்கு அப்பால் நின்று, “மச்சான், அந்த மருந்தை நீ குடிக்காமல் விட்டாச் சரி” என்பான்.

முதல் முறை அந்த எருநீரை அப்படியே ஒரு பாத்தியில் ஊற்றினேன். இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. செடிகளும் மனிதர்களைப் போலத்தான், கெட்டியான நன்மையைத் தாங்கமாட்டா. பிறகுதான் அளவு பிடிபட்டது. ஒரு வாளி எருநீருக்குப் பத்து வாளி தண்ணீர். பால் விடாத வெறுந்தேத்தண்ணியின் நிறம் வர வேண்டும். அதுவும் கஞ்சன் வீட்டு வெறுந்தேத்தண்ணி.

மூன்றாம் வருடம் மண் கறுத்தது. கையால் அள்ளினால் உருண்டு நின்றது, மண்புழு நெளிந்தது. மிளகாய்ச் செடிகள் இடுப்பு உயரத்துக்கு வந்து, பழுத்த பழங்களின் பாரத்தில் சரிந்தன. சனிக்கிழமைகளில் மண்வெட்டியைச் சாத்திவிட்டு அதைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பேன். கந்தோரில் என் கையெழுத்துப்பட்ட எதையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

அறுவடை முடிந்த கையோடு கூட்டாளி ஓர்ஸ் ஹில்லுக்கு வந்தான். கையில் தயிர் முட்டி. கதிரை நுனியில் இருந்தான்.

“மச்சான், எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. தங்கச்சிக்கு ஒரு இடம் பொருந்தி வந்திருக்கு. அந்த மேட்டுக்காணியையும் சீதனத்தில சேர்க்கச் சொல்லுகினம்.”

சீதனம் என்ற சொல்லுக்கு எதிராக எங்கள் ஊரில் எந்த வாதமும் செல்லாது. “ஓம், அதுக்கென்ன” என்றேன். அன்றிரவு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஒரு பெண்ணின் சீதனத்தில் நான் சுமந்த சாணமும் இருக்கிறதே! மனைவி தயிரைத் தொடவில்லை. நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த போகத்துக்கு, விட்டுவந்த பீப்பாவை எடுக்கப் போனேன். மேட்டுக்காணியில் புதிதாக நட்ட மிளகாய்க் கன்றுகள், நான் போட்ட பாத்திகளிலேயே, வரிசையாக நின்றன. நடுவில் மண்வெட்டியோடு என் கூட்டாளி. வேலியடியில் தங்கை விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கலியாணம் எப்ப, தங்கச்சி?” என்றேன்.

“ஆருக்கு?”

“உமக்குத்தான். இந்தக் காணி சீதனமெண்டு அண்ணன் சொன்னவன்.”

அவள் விறகைக் கீழே போட்டாள். “எனக்கு மாப்பிள்ளை பாத்தாச்சோ? ஆளைச் சொல்லுங்கோ அண்ணை, நானும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுறன்.”

கூட்டாளிக்கு அது கேட்டது. மண்வெட்டியை ஊன்றிவிட்டு என்னிடம் வந்தான். வெட்கப்படுவான், ஏதாவது சொல்லிச் சமாளிப்பான் என்று நினைத்தேன். அவன் தோளில் கை போட்டான்.

“அதை விடு மச்சான். அந்தப் பீப்பாத் தண்ணியை எப்பிடிக் குடுக்கிறது? அதை மட்டும் சொல்லிப்போட்டுப் போ.”

எனக்கு வாய் அடைத்துப்போயிருக்க வேண்டும். அப்படி அடைக்கிற வாய் எனக்குக் கிடைக்கவில்லை. கூட்டெருவைப் பற்றி யாராவது கேட்டால் சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது. அதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், வியாதி. அதோடு, அந்தக் கன்றுகள் நின்றது என் மண்ணில். ஒரு வாளிக்குப் பத்து வாளி, வெறுந்தேத்தண்ணி நிறம், வெயிலுக்கு முன் ஊற்ற வேண்டும் என்று எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சிரித்தான். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. பீப்பாவை விட்டுவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

சில கிழமை கழித்து, வேறு ஒரு வேலையாக லாஞ்சியில் போனபோது காக்கா என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

“நல்ல வேலை செஞ்சீங்க கிளாக்கர்! உங்கட கூட்டாளிட மிளகா எல்லாம் கருகிட்டாமே.”

“எப்பிடி?”

“நீங்க பத்து வாளி தண்ணி ஊத்தச் சொன்னீங்களாம். காணியைப் பறிச்சவனுக்கு எவன் சரியாச் சொல்லுவான், இது ஏமாத்துக் கணக்கு எண்டு நெனச்சு, அவரு தண்ணி கலக்காம அப்படியே ஊத்தினாராம். இப்ப என்னடாண்டா, அவரு நம்பமாட்டாருண்டு தெரிஞ்சே சொல்லிக் குடுத்து நீங்க கருக்கிட்டீங்கண்டு ஊரெல்லாம் கதை.”

“காக்கா, நான் சரியாத்தான் சொன்னனான்.”

“ஓம் ஓம்” என்று கண்ணைச் சிமிட்டினார். “எனக்கிட்டயுமா?”

பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டிச் சிரித்தார்கள். என் வாழ்நாளில் லாஞ்சியில் எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி கொழித்துக்கொண்டே கேட்டாள்.

“உண்மையாவே பத்தெண்டுதான் சொன்னனீங்களோ?”

“உண்மையா.”

“அப்ப சரி” என்றாள். அவள் குரலில் ஏமாற்றம் இருந்தது.

அதற்குள் நான் என் கூட்டாளிக்குச் சொல்ல ஒரு வசனத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். சவரம் செய்யும்போது, கந்தோருக்கு நடக்கும்போது, கோப்புகளுக்கிடையில், கிழமைக்கணக்காகத் திருத்தித் திருத்தி அமைத்த வசனம். திட்டு இல்லை, சாபம் இல்லை, கேட்டவன் தூங்கக் கூடாது, அவ்வளவுதான். ஒருநாள் மூதூர் இறங்குதுறையில் அவன் எதிரே வந்தான். மெலிந்திருந்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

அவன் முந்திக்கொண்டான். கண் கலங்க என்னைப் பார்த்து, “நீ எனக்கு இப்பிடிச் செய்வாய் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை மச்சான்” என்றான்.

சொல்லுக்குச் சொல் அதே வசனம். பள்ளிக்கூடத்து வாங்கில் எட்டிப் பார்த்த பழக்கம் அவனை விட்டுப் போகவில்லை.