கை குலுக்கினால் முடிந்தது

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஆம்பூர் பைபாஸ் ஓரம் பஞ்சர் கடை வைத்திருப்பவனுக்கு வாய்தான் பாதி முதல். ட்யூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடும் நேரத்துக்குள் வண்டிக்காரரின் வீட்டுக்கதை முழுக்க என்னிடம் வந்துவிடும். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. மிச்சத்தைக் கடைக்கு வந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான் என்றால் எங்கள் தெருவில் இன்னும் யாரும் நம்புவதில்லை.

இழுத்துக்கொண்டு போனது என் மனைவி. வாணியம்பாடியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீட்டு மாடியில் நடக்கும் குவேக்கர் கூட்டத்துக்கு. எங்களுக்கு அவர் 'சார்'. குவேக்கர் என்பது கிறிஸ்தவத்தில் ஒரு வழி. தங்களை 'நண்பர்கள்' என்று சொல்லிக்கொள்வார்கள். பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் வெளிச்சம் கொஞ்சம் இருக்கிறது, அது சொல்வதைக் கேட்க நாம் வாயை மூடவேண்டும் என்பதுதான் நம்பிக்கை. சொல்லியே ஆகவேண்டும் என்று யாருக்காவது உள்ளே முட்டினால் எழுந்து சொல்லலாம். கடைசியில் சார் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக் குலுக்குவார். எல்லோரும் குலுக்கிக்கொள்வோம். ஆராதனை முடிந்தது.

முதல் வாரம் நான் தூங்கிவிட்டேன். "கொறட்ட உட்டீங்களே, அதையும் உள்ளேருந்து வந்த வார்த்தன்னு நெனச்சிக்கினாங்க" என்றாள் மனைவி, படி இறங்கும்போது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வேலை என் கடையிலிருந்துதான் போனது. விடிவதற்கு முன்பே ஷூ கம்பெனிப் பெண்கள் பைபாஸில் வேனுக்காக வந்து நிற்பார்கள். சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். ஒதுங்க ஓர் இடம் இல்லை. கடைக்குப் பின்னால் மறைவு இருக்கிறதா என்று கேட்பார்கள், நான் கையிலிருக்கும் ட்யூபையே பார்த்துக்கொண்டிருப்பேன். இதைக் கூட்டத்தில் சொன்னேன். ஒரு கழிப்பறை கட்டிக்கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. தோல் துண்டு வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், சார் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், பைபாஸில் தன் குடோனை ஒட்டிய மூலையைத் தருவதாகச் சொன்னார்.

ஆனால் அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. எல்லோருக்கும் மனசு ஒத்துவரவேண்டும். ஒருவருக்கு வராவிட்டாலும் மற்றவர்கள் காத்திருப்பார்கள். அந்த ஒருவராக இருந்தது, அதே வேனுக்காகத் தினமும் நிற்கும், கூட்டத்துக்கும் வரும் ஒரு பெண். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. என்னை அண்ணா என்று கூப்பிடும் தங்கச்சி. "எனக்கு மனசு வரலண்ணா" என்பாள். ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள்.

மாதங்கள் போயின. மழைக்காலம் நெருங்கியது. பாய்க்குப் பொறுக்கவில்லை. "இன்னா பேஜாரா கீது. கை தூக்கச் சொல்லுங்க, ஜாஸ்தி எந்தப் பக்கமோ அதோட முடிஞ்சிது" என்று என் கடையில் வந்து சலித்துக்கொள்வார். இந்த ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நல்ல அமைதியில் இருந்தது. தங்கச்சி முந்தானை நுனியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் கையூன்றி எழ ஆரம்பித்தாள். வாய்கூடத் திறந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பாய் மாடியேறி வந்தார். எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, துக்கம் நடந்த வீடு என்று நினைத்திருக்கவேண்டும். மெதுவாக சலாம் சொல்லி, வாசல் ஓரமிருந்த சாரிடம் கையை நீட்டினார். வீட்டுக்கு வந்தவர் நீட்டிய கையைத் தட்டமுடியுமா? சார் பிடித்துவிட்டார். இரண்டு கையும் சேர்ந்ததைப் பார்த்ததும் எதிரே இருந்தவர் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்தார். அடுத்தவர், அதற்கடுத்தவர். என் மனைவி என் கையைக் குலுக்கினாள். தங்கச்சி பழையபடி உட்கார்ந்துவிட்டாள்.

"பாய், கூட்டத்த முடிச்சிட்டீங்க" என்றேன்.

"நானா? நான் இப்பத்தானே வந்தேன்."

விஷயத்தை விளக்கியதும் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு இன்னாமோ சொல்ல வந்துது" என்றாள்.

பாயின் முகம் மாறியது. "அப்ப குலுக்கினத வாபஸ் வாங்கிக்கிறேன் சார். நீங்க திரும்ப ஆரம்பிங்க. நானும் உக்கார்றேன்" என்று என் பக்கத்தில் சம்மணம் போட்டார்.

முடிந்ததைத் திரும்பத் தொடங்கும் வழக்கம் இல்லை. சார் எங்களைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நாங்களும் மூடிக்கொண்டோம்.

வெகுநேரம் கழித்துத் தங்கச்சியின் குரல் கேட்டது.

"கட்ட வேணாம்னு நான் சொல்லல. அந்த ரோட்டுல நிக்கறவ நான், எனக்குத் தெரியாதா? கட்டி முடிச்சதும் கழுவ ஆள் தேடுவீங்க. நேரா எங்க தெருவுக்குத்தான் வருவீங்க. எங்க அம்மா அந்த வேலைலதான் இருந்தாங்க. நான் மெஷின்ல உக்கார்றதுக்கு அவங்க பட்ட பாடு... எல்லாரும் மொற போட்டுக் கழுவறதுன்னா எனக்குச் சம்மதம். என் மொறையும் வெயுங்க. எப்பவும் என் மொறையாவே இருக்கக் கூடாது."

யார் கழுவுவது என்ற கேள்வி எங்கள் யாருக்குமே தோன்றியிருக்கவில்லை.

முதலில் அசைந்தது பாய். "எனக்கும் ஒரு நாள் போடுங்க."

"மொத நாள் எங்க வூட்டுக்காரருக்கு" என்றாள் என் மனைவி. "வாய் ஓயட்டும், கை கொஞ்சம் வேல செய்யட்டும்."

"இப்ப மனசு வந்துச்சாம்மா?" என்று சார் கேட்டார்.

"வந்துடுச்சி சார்."

சார் எழுந்துபோய் அவளிடம் கையை நீட்டினார். அன்றைய ஆராதனை இரண்டாவது தடவையாக முடிந்தது.

மழைக்கு முன்பே கட்டிவிட்டோம். என் முறை திங்கட்கிழமை. பெண்கள் வந்து சேர்வதற்குள் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடவேண்டும். பாய்க்கு வியாழன், பிரஷ் சரியில்லை என்று வாரம் தவறாமல் குறை சொல்வார். தங்கச்சிக்கு அவள் கேட்டபடி ஒரே ஒரு நாள்.

போன திங்கட்கிழமை தேய்த்துக்கொண்டிருந்தபோது தங்கச்சி கதவைத் தட்டினாள்.

"அண்ணா, உள்ள யாராண்ட பேசிக்கினு கீறீங்க?"

"யாராண்டயும் இல்லம்மா."

"அப்ப சீக்கிரம் வெளிய வாங்க. வேன் வந்துடும்."

பக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வழிவிட்டேன்.