ஆட்டுத்தோலும் அவர் விழித்திரையும்

படம் என்றால் பொய் சொல்லத்தான் என்பது என் கணவரின் தீர்மானமான எண்ணம். குற்றம் சொல்ல முடியாது, அவர் தொழில் அப்படி. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றிலிருந்து வெளிநாட்டு வியாபாரிகளுக்குத் தோலின் படங்களை அனுப்புகிறவர். உண்ணி கடித்த தழும்பு, முள்கம்பி கிழித்த கீறல் எல்லாம் கம்ப்யூட்டரில் அவர் கை பட்டால் மாயம். அந்த ஆடே வந்து பார்த்தாலும் தன் தோல் என்று நம்பாது.

நான் வேலூரில் ஒரு கண் மருத்துவமனையில் விழித்திரையைப் படமெடுக்கிறேன். மங்கலாக வந்த படத்தைக் கம்ப்யூட்டரில் தெளிவாக்குவதும் என் வேலை. "ரெண்டு பேருக்கும் ஒரே தொழிலு" என்று சொந்தக்காரர்களிடம் பெருமை வேறு அடித்துக்கொள்வார்.

சர்க்கரை வந்து எத்தனையோ வருஷமாகியும் கண்ணைக் காட்டாத மனுஷனை ஒருவழியாக இழுத்துப் போனேன். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து கூடவே கூடாதாம். ஊற்றினால் ஸ்கூட்டர் ஓட்ட முடியாதே! என் கையில் சாவியைத் தருவதா? தந்தால் குடியே மூழ்கிவிடும். கேமரா முன்னாலும் நெளிந்துகொண்டே இருந்தார். படம் மார்கழிப் பனியில் எடுத்ததுபோல் வந்தது.

சரிசெய்ய உட்கார்ந்தேன். கலங்கலைக் குறைத்தேன், பச்சை நிறத்தை மட்டும் பிரித்தேன், வெளிச்சத்தைச் சமமாக்கினேன். ரத்தக்குழாய்கள் துலங்கின. கூடவே கரும்புள்ளிகளாக ரத்தக்கசிவும். டாக்டர் இரண்டு படங்களையும் பார்த்தார். மருந்து ஊற்றி முழுசாகப் பார்க்க வேண்டும், லேசர் தேவைப்படலாம், தள்ளிப்போட்டால் பார்வைக்கே ஆபத்து என்றார்.

வெளியே வந்ததும் இவர் சிரித்தார்.

"புள்ளியெல்லாம் நீ வெச்சதுதானே?"

"நான் எதையும் வெக்கலங்க. உள்ள இருக்கறதத்தான் தெரிய வெச்சேன்."

"என்கிட்டயேவா? மொதல் படம் இன்னா சுத்தமா இருந்தது! அதையே ஃபைனல் பண்ணிடு."

மகாராஜா உத்தரவு! அன்று சாயங்காலம் என் கோபத்தைத் தணிக்க ஆற்காட்டு மக்கன் பேடா இனிப்பு ஒரு டப்பா வந்தது. எனக்குத்தானாம். பாதிக்கு மேல் அவரே தின்று தீர்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதெல்லாம் "அடுத்த வாரம்" என்றார். அந்த அடுத்த வாரம் எந்தக் காலண்டரிலும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிடக் கூப்பிடப் போனால் கம்ப்யூட்டர் முன்னால் பேஜாராக உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தோலுல ஒரு கறை. அழிக்க அழிக்கப் போவவே மாட்டேங்குது. பக்கத்துல போனா நவுந்துடுது."

எட்டிப் பார்த்தேன். தோல் பளிச்சென்று இருந்தது.

"எங்கங்க?"

தொட்டுக் காட்டினார். விரலுக்கடியில் ஒன்றுமே இல்லை.

"திரும்பி அந்தச் சுவத்தப் பாருங்க" என்றேன். பொங்கலுக்கு வெள்ளையடித்த வெறும் சுவர். பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இங்கயும் இருக்குது" என்றார்.

அவர் எழுந்து ஆணியில் மாட்டியிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீயே ஓட்டு. மருந்து ஊத்துவாங்க இல்ல."